‘சார், இது நீங்க அனுப்பினதா?’ என்று கேட்டவருக்கு

எங்கள் கணினிப் பிரிவின் கண்ணே! கேட்பதற்குக் கூசாத நாவே! பதவியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தாத பண்பே! பிடுங்க வேண்டிய நேரத்தில் பிடுங்கத் தெரிந்த கையே! ஓட்டுநர்கள் ‘கேட்டியா அக்கா’ என்றும், பணிமனைக்காரர்கள் ‘கம்ப்யூட்டர் அம்மா’ என்றும், கணக்குப் பிரிவினர் நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு என்னென்னவோ சொல்லியும் அழைத்த அன்புக்குரியவரே! இந்தப் பேருந்து நிறுவனத்தின் அனைத்துப் பிரிவுப் பணியாளர்களும் எழுந்து நின்று உங்களுக்கு வணக்கம் சொல்கிறோம்.

இந்த அலுவலகத்தில் கணினி என்பது போர்வை போர்த்தி வைத்த ஒற்றைப் பெட்டியாக, யாரும் தொடக் கூடாத பொருளாக இருந்த காலத்தில் வந்தீர்கள். டீசல் கணக்கு எழுதும் மேசை முதல் டயர் கிடங்கின் மேசை வரை ஒவ்வொன்றிலும் ஒரு கணினி உட்கார்ந்துவிட்ட காலத்தில் விடைபெறுகிறீர்கள். இடையில் போனவை முப்பத்தோர் ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நீங்கள் எத்தனை இரவு கண்விழித்தீர்கள், எத்தனை விடுமுறையை விட்டுக்கொடுத்தீர்கள் என்றெல்லாம் இத்தகைய மடல்களில் எழுதுவது வழக்கம். எழுதியும் பார்த்தோம். எழுதியதைப் படித்தபோது எங்களுக்கே பிடிக்கவில்லை. பொறுமைக் கடல் என்று ஒரு வரியில் வந்தது. பொறுத்துக்கொள்ள வைத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். வழக்கப்படி இந்த மடலை முன்கூட்டியே நிர்வாகப் பிரிவுக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். காட்டவில்லை.

உங்களை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சத்தம்தான். முற்பகல் நேரத்தில் எங்கள் மாடிகளில் கேட்கும் கூச்சல். “டயர் செக்‌ஷன்! உங்களுக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன், தொறக்கலாம்!” “எந்த ஃபைலு?” “போன மாசத் தேய்மானம்!” “சரி, தொறக்கறேன்!” இது நீங்கள் போட்ட விதி. மின்னஞ்சலோடு இணைப்பு அனுப்புகிறவர், அனுப்பியதை வாயாலும் சொல்ல வேண்டும். தொலைபேசியிலோ நேரிலோ அப்படிச் சொல்லாத இணைப்பைப் பெறுகிறவர் தொடக் கூடாது. சந்தேகம் வந்தால் அனுப்பியவரையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் ஒருவர் இந்தக் கூச்சலைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப மின்னஞ்சல் எதுக்கும்மா? கத்தியே முடிச்சுக்கலாமே!” நீங்கள் சிரிக்கவில்லை. “வர்றது வரட்டும் சார். தொறக்கறது நம்ம கையில இருக்கட்டும்” என்றீர்கள்.

இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறோம். ‘வரும்போது உப்பு வாங்கி வா’ என்று அவர் கைபேசியில் செய்தி அனுப்பினால், நீங்கள் உடனே கூப்பிடுவீர்களாம்: “இது நீங்கதான் அனுப்பினதா?” அவர் கடுப்பாகி, “இல்ல, உன் மாமியார் ஆவி அனுப்புச்சு” என்பாராம். “சரி, குரல் உங்களுதுதான்” என்று சொல்லி வைத்துவிடுவீர்களாம். கட்டிக்கொண்டவரிடமும் கேட்டவர், கட்டளையிட்டவரிடமும் கேட்டதில் வியப்பில்லை. அதற்கு நீங்கள் கொடுத்த விலையைத்தான் எங்களால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

இங்கே சற்று நிறுத்துகிறோம். இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியும்; உங்களிடம் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்கள் மகள் இருக்கிறாள். மேடையில் உங்களுக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் பொது மேலாளரும் இருக்கிறார். அவர்களுக்கு இதை முழுதாகச் சொல்ல வேண்டும். ஆகவே சிறிது நேரம் உங்களை ‘அவர்’ என்று சொல்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. முதல் வண்டிகள் போய்விட்டன; அடுத்த வண்டிகளுக்கான பணிப் பட்டியலை அச்சடிக்கிற நேரம். யார் எந்த வண்டி, எந்தத் தடம் என்று அந்தப் பட்டியல் சொன்னால்தான் ஓட்டுநர் சாவியைத் தொடுவார். அந்த நேரத்தில் அலுவலகத்தில் எல்லோருடைய திரையிலும் ஒரே மின்னஞ்சல் வந்து நின்றது. அனுப்பியவர் பெயர் பொது மேலாளர். இணைப்பின் பெயர் ‘இடமாற்றம்’.

அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு எவன் கை சும்மா இருக்கும்? இடமாற்றப் பேச்சு ஒரு மாதமாகவே அலுவலகத்தில் புகைந்துகொண்டிருந்தது. யாரை எந்தப் பணிமனைக்குத் தூக்கியடிக்கப் போகிறார்கள், யார் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டி வரும் என்ற கவலையில் பாதிப் பேருக்குத் தூக்கமில்லை. ஆனாலும் யாரும் உடனே திறக்கவில்லை. விதி இருந்தது. மேலிருந்து யாரும் வாயால் சொல்லவில்லை. ‘பொது மேலாளரையே கூப்பிட்டு எவன் கேட்கிறது’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் தன் அறையில் அந்த மின்னஞ்சலைப் பார்த்தார். இணைப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த வால் அவருக்குப் பிடிக்கவில்லை. படிக்கிற கோப்புக்கு இருக்கும் வால் அது இல்லை. தானாக ஓடுகிற நிரலுக்கு இருக்கும் வால். இப்படித்தான் கணினியைக் கெடுக்கும் புழு வரும் என்று அவர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அது தெரிந்தவர் பெயரில் வரும். திறந்தால் அந்தக் கணினியில் இருக்கும் முகவரிகளை எல்லாம் வாரிக்கொண்டு, திறந்தவர் பெயரிலேயே தன்னைத்தானே எல்லோருக்கும் அனுப்பிக்கொள்ளும். அங்கே கிடக்கும் ஏதாவது ஒரு கோப்பின் பெயரையும் திருடி மாட்டிக்கொள்ளும். கதவை உடைத்துக்கொண்டு வர அதற்குத் தெரியாது. ஒரு மனிதக் கை திறந்துவிட வேண்டும்.

அவர் அறைக்கு வெளியே வந்து, “யாரும் தொடாதீங்க, கேட்டுச் சொல்றேன்” என்று குரல் கொடுத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். இணைப்புக் கொடுத்தவர் எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். இன்றும் பணியில் இருக்கிறார், மூன்றாம் வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“சார், உங்க பேர்ல ஒரு மின்னஞ்சல் வந்திருக்கு. இது நீங்க அனுப்பினதா?”

மேலாளர் அறையில் அப்போது வெளியூர் விருந்தாளிகள் இருந்தார்கள். மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பத் தெரியாது, உதவியாளர்தான் அனுப்புவார். அது குற்றமே இல்லை. பலருக்கும் அன்று தெரியாது. உதவியாளர் எதையோ அனுப்பியிருப்பார் என்று மேலாளர் நினைத்திருக்கலாம். ‘தெரியலையே’ என்று சொல்ல விருந்தாளிகள் முன் வாய் வரவில்லை.

“என் பேர்ல வந்தா வேற யாரும்மா அனுப்புவா? நான்தான் அனுப்பினேன்.”

“இல்ல சார், பாத்தா சரியாப் படல. ஒரு தடவை உங்க உதவியாளரைக் கேட்டுட்டு…”

“என்னையே வேவு பாக்கறியா? போனை வை.”

அவர் வைத்தார். பின்னாளில் ஒரு தேநீர் வேளையில் சொன்னார்: அந்த ஒரு நிமிடம் தான் ரிசீவரின் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றிருந்ததாகவும், தன் கண்ணை நம்புவதா, கேட்ட குரலை நம்புவதா என்று தெரியவில்லை என்றும். அனுப்பியவரைக் கேள் என்று விதி போட்டவர் அவர். அனுப்பியவர் ஆம் என்றும் சொல்லிவிட்டார். ஒருவர் தான் செய்யாததைச் செய்தேன் என்று கௌரவத்துக்காகச் சொல்லுவார் என்பதற்கு அந்த விதியில் இடமில்லை. எந்த ஊரில் எவர் எழுதிய விதியிலும் இருக்காது.

அப்படியும் கண்ணையே நம்பினார். வெளியே வந்து, “தொடாதீங்க, யார் சொன்னாலும் தொடாதீங்க!” என்று மாடி மாடியாகச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் எல்லா மேசையிலும் இன்டர்காம் அலறியது. மேலாளரே பேசினார். “நான் அனுப்பினதைத் திறக்க விடாம கம்ப்யூட்டர் அம்மா தடுக்கறாங்களாமே! இது ஆபீஸா, அவங்க வீட்டு அடுக்களையா? எல்லாரும் திறங்க. இப்பவே.”

திறந்தோம். ஆணைப்படி திறந்தோம்.

அடுத்து நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திரைகள் எல்லாம் உறைந்தன. உதிரிபாக வியாபாரிகளுக்கும், பக்கத்து நிறுவனங்களுக்கும், முன்பதிவு செய்த பயணிகளுக்கும் எங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் புழு பறந்தது. சர்வர் திணறியது. அச்சடிக்கிற இயந்திரம் பாதிப் பட்டியலைக் கக்கிவிட்டு நின்றது. கீழே முற்றத்தில் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்க, ஓட்டுநர்கள் அலுவலகத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

அவர் ஓடினார். மெதுவாக நடப்பதற்கே பெயர் போனவர். அன்று படிகளில் ஓடினார். “கம்பியைப் பிடுங்குங்க! சுவத்துல இருக்கிற நீலக் கம்பி! கம்ப்யூட்டரை விடுங்க, கம்பியைப் பிடுங்குங்க!” கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற கம்பி அது. நாங்கள் சிலர் பதற்றத்தில் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினோம், ஒருவர் மின்விசிறியின் கம்பியைப் பிடுங்கினார். “அய்யோ, அது காத்துடா!” என்று திட்டிக்கொண்டே மேசைக்கடியில் புகுந்து அவரே பிடுங்கினார். எல்லாம் ஓய்ந்ததும், முந்தைய வாரத்துப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கி, பயணிகளுக்கு அறிவிப்புச் செய்கிற மைக்கில் நேரக் காப்பாளரோடு நின்று வண்டியும் தடமும் ஓட்டுநரும் ஒவ்வொன்றாகப் படித்தார். “அக்கா, எனக்கு மலைப்பாதை குடுத்துட்டீங்களே, நான் தாங்குவேனா!” என்று ஒரு ஓட்டுநர் கத்தினார். “தாங்குவ, போ” என்று மைக்கிலேயே பதில் வந்தது. முற்றம் சிரித்தது. தாமதமாகத்தான் போயின, ஆனால் எல்லா வண்டியும் போயின.

சுத்தம் செய்வதற்குப் பல நாளானது. ஒவ்வொரு கணினியையும் தனியாக உட்காரவைத்து, நோயாளியைக் குளிப்பாட்டுகிற மாதிரி சுத்தம் செய்தார். கடைசியில் புழு முதலில் திறக்கப்பட்ட இடமும் சர்வர் பதிவிலிருந்து தெரிந்தது. முதல் நாள் மாலை, நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு, மேலாளரின் கணினியில், நண்பர் ஒருவர் பெயரில் வந்த ‘படங்கள்’.

பிறகு விசாரணை வந்தது.

விசாரணைக் குழுவில் அமர்ந்திருந்தவர்கள் மேலாளரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். “நீங்க இன்னும் உறுதியாத் தடுத்திருக்கலாமே?” என்று அவரைக் கேட்டார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். “அப்படி ஒரு தொலைபேசிப் பேச்சே நடக்கலைன்னு பொது மேலாளர் சொல்றாரு” என்றார்கள். டெலிபோன் ஆபரேட்டர் தான் காதால் கேட்டதை எழுதிக் கொடுத்தார். அதற்குக் குழு என்ன செய்தது தெரியுமா? அதிகாரிகளின் உரையாடலை ஒட்டுக்கேட்டதற்காக அந்த ஆபரேட்டருக்கே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தது. நடக்காத உரையாடலை ஒருவர் எப்படி ஒட்டுக்கேட்க முடியும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்டர்காமில் ‘திறங்க’ என்று கேட்டதை நாங்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்தோம். அவையும் சர்வர் பதிவும் அறிக்கையில் ஏறவில்லை.

ஏறியது இரண்டே சொல். அவருடைய பணிப் பதிவேட்டில்: ‘பணியில் கவனக்குறைவு’.

அந்த இரண்டு சொல்லால் பிரிவுத் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவருக்குக் கிடைத்தது. அவருடைய மேசை டயர் கிடங்குக்குப் பக்கத்து அறைக்குப் போனது. ரப்பர் நாற்றத்தில் உட்கார்ந்து ஒன்பது ஆண்டு வேலை பார்த்தார். அதோடு விட்டார்களா? ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘மேலதிகாரிகள் அனுப்பும் கோப்புகள் குறித்து ஊழியர்கள் தொலைபேசியில் வினவக் கூடாது.’ அன்றோடு முற்பகல் கூச்சல் நின்றது. பிறகு எத்தனை புழு வந்தது! எல்லாம் மேலதிகாரிகள் பெயரிலேயே வந்தது. புழு எழுதுகிறவனுக்கும் எங்கள் சுற்றறிக்கை கிடைத்துவிட்டதோ என்னவோ. ஒவ்வொரு முறையும் கிடங்கு அறைக்கு ஆள் ஓடியது. ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தார். அந்த மௌனத்தை நாங்கள் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மனுஷி நாள்தோறும் தன் கோபத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலை செய்தால் அதற்கும் வெளியிலிருந்து பார்க்க அமைதி என்றுதான் பெயர்.

இந்த வாரம் அவரை மேலாளர் தன் அறைக்கு அழைத்தார். இன்று மாலை பணி முடிந்தால் பதிவேடு மூடப்படும். மூடிய பதிவேட்டில் எதையும் பிறகு திருத்த முடியாது. அழைத்ததன் பொருள் அவருக்கும் தெரியும்.

“உக்காருங்கம்மா. ‘அன்றைய நிகழ்வுக்கு வருந்துகிறேன்’னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்தக் குறிப்பை எடுத்துடச் சொல்றேன். சுத்தமான பேரோட போங்க.”

அவர் உட்காரவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எந்த நிகழ்வுக்கு சார்? நான் கேட்டதுக்கா, நீங்க பதில் சொன்னதுக்கா?”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் நல்லதை நான் பாத்துக்கறேன் சார்.”

வெளியே வந்து, தன் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்றைய வேலையைப் பார்த்தார். ஆகவே அந்தக் குறிப்பு அப்படியே இருக்கிறது. இன்று மாலை அதன் மேல் பதிவேடு மூடப்படும்.

எங்கள் அக்கா! இனி மறுபடி உங்களோடு பேசுகிறோம்.

அந்த இரண்டு சொல்லையும் நீக்கக் கேட்டு நாங்கள் இந்த மேடையில் கையேந்தப்போவதில்லை. செய்யாத தவறுக்கு நீங்கள் வருந்த மறுத்த பிறகு, உங்கள் சார்பில் நாங்கள் கெஞ்சினால் அது உங்களுக்கு நாங்கள் செய்யும் அவமானம். ஆனால் அந்தச் சொற்கள் உங்கள் பெயரின் கீழ் மட்டும் தனியாகக் கிடக்கவும் விட மாட்டோம்.

இன்று காலை நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கிடங்கு அறையின் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தீர்கள். இந்த விழாவின் அழைப்பிதழ் பொது மேலாளர் பெயரில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் வந்தது, இணைப்பாக. யாரும் திறக்கவில்லை. முதலில் உதிரிபாகக் கிடங்குக்காரர் தொலைபேசியை எடுத்தார்.

“சார், இது நீங்க அனுப்பினதா?”

“ஆமாய்யா, திற.”

அடுத்து கணக்குப் பிரிவு. அடுத்து முன்பதிவு. அடுத்து வண்டி கழுவுகிற இடத்திலிருந்து ஒருவர். அவருக்குக் கணினியே கிடையாது, பக்கத்தில் இருந்தவருக்காகக் கேட்டார். “எத்தனை பேருய்யா கேப்பீங்க? சுற்றறிக்கை இருக்குல்ல?” என்று மேலாளர் கத்தினார். “இருக்கு சார். மீறிட்டோம் சார். எங்க பதிவேட்டுலயும் எழுதிக்குங்க சார்” என்றார் நேரக் காப்பாளர். மணி நிற்கவில்லை. மாடி மாடியாக, மேசை மேசையாகக் கேட்டோம். திட்டினார். வைத்தார். மறுபடி மணி அடித்தது.

கடைசியாகக் கேட்டவர் டயர் பிரிவு எழுத்தர். ஒன்பது ஆண்டு உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர். “சார், இது… நீங்க அனுப்பினதா?” அந்தப் பக்கம் திட்டு வரவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு மேலாளரின் குரல், இதுவரை எங்களில் ஒருவரும் கேட்டிராத தணிவில்:

“இருங்க. பாத்துச் சொல்றேன்.”

இதைக் கேட்டு எங்களுக்குச் சொன்னவர் டெலிபோன் ஆபரேட்டர். “இந்தத் தடவையும் கேட்டேன்னு மடல்ல எழுதுங்க” என்றார். எழுதிவிட்டோம்.

ஒன்பது ஆண்டு தாமதமாக வந்த மூன்று சொல். உங்களிடமிருந்து எடுத்ததை இது திருப்பித் தராது. எங்கள் கோபமும் இதனால் ஆறிவிடவில்லை. ஆறவும் வேண்டாம். திங்கட்கிழமை முதல் முற்பகலில் எங்கள் மாடிகளில் மறுபடி கூச்சல் கேட்கும். தெருவில் போகும்போது காது கொடுங்கள்.

கேட்ட குரல் குன்றாமல், கண்ட கண் மங்காமல், ஓடிய கால் ஓயாமல், அன்புக் கணவரோடும் மகளோடும் நீங்கள் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும்! எவருடைய கௌரவத்துக்காகவும் நீங்கள் இனி மேசைக்கடியில் புக வேண்டிய நாள் வரவே கூடாது!

இப்படிக்கு,
இன்று காலை கேட்டவர்கள்
(அனைத்துப் பிரிவுப் பணியாளர்கள், பெயர்களும் கையொப்பங்களும் கீழே, பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வசதியாக, தெளிவான எழுத்தில்.)